கெலிஓயாவில் ஒரு மூடி

மே 14, செவ்வாய்

அலுமாரி துடைக்கும் நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ஜப்பான் பீங்கான் செட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, இவருடைய பழைய சாரத்தைக் கிழித்த துணியால் ஒற்றி, திரும்ப வைக்கிறேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக் கூடாது என்பது சட்டம். வீட்டில் இருப்பது நானும் இவரும்தான். இன்று இவர் மூன்று தரம் தும்மினார்.

கொக்கு செட்டைக் கடைசியாகத்தான் தொடுவேன். நீலக் கரை, பொன் கோடு, வெள்ளையில் பறக்கிற கொக்குகள். எண்பது தொண்ணூறு வருஷமாவது இருக்கும். ஆறு கோப்பை, அடியில் வைக்க ஆறு பீரிசு, பால் ஜக், சீனிக் கிண்ணம், டீபொட். நான்கு வருஷத்துக்கு முன் தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டபோது, மழையில் நின்று, ஒரு டாக்டருடைய மனைவியோடு போட்டியிட்டு எடுத்தேன். எல்லாம் இருக்கிறது. டீபொட்டின் மூடி மட்டும் இல்லை. வெறும் வாயோடு நிற்கிறது.

இவர் சீனிக் கிண்ணத்தைத் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு விளிம்பு ஈக்குதே. மூடி நிக்கிற விளிம்பு மாதிரி."

"அது அலங்காரம். கீழே வையுங்க."

கிண்ணத்தின் முன்னால் என் கையெழுத்தில் அட்டையே இருக்கிறது: 'மூடியில்லாத சீனிக் கிண்ணம். அரிய வகை.' முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் நான். எழுதினால் யோசித்துத்தான் எழுதுவேன். கட்டுகஸ்தோட்டையில் பாதி வீடுகளுக்குக் குழாய் கொடுத்தது இவருடைய ஸெய்னுலாப்தீன் ஹார்ட்வெயார் என்றால், அதற்காக இவருக்கு ஜப்பான் பீங்கானும் தெரியும் என்று அர்த்தமா?

மே 15, புதன்

நேற்றைய தும்மல்களைப் பற்றி இவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மே 22, புதன்

எழுதிவிட்டுத்தான் சோறு.

கண்டியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் துஷானி பகல் கோல் எடுத்தாள். "மிஸ், உங்க கொக்கு மூடி கெலிஓயாவில இருக்கு. நான் கண்ணால கண்டேன்." ராஜலிங்கம் என்று ஒருவராம். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போன அதே ஏலத்தில் ஒரு பெட்டி கரண்டிகள் எடுத்திருக்கிறார். வீட்டில் பிரித்தால் அடியில், வைக்கோலுக்குள், மூடி.

நான்கு வருஷம்! நான் கொழும்பில் தேடினேன், காலியில் தேடினேன், டோஹாவில் இருக்கிற மகள் ஜஹானாவை இன்டர்நெட்டில் தேடச் சொல்லித் தினமும் கரைச்சல் கொடுத்தேன். அது கெலிஓயாவில் இருந்திருக்கிறது. இரண்டு பஸ் மாறினால் வரும் கெலிஓயாவில்!

மே 26, ஞாயிறு

போனேன். மூடி இல்லாமல் வந்தேன்.

காலையில் இவர் அளவு நாடாவோடு வந்து நின்றார். "பொட்டுட வாய் அளவு எடுத்துத் தாறன். கொண்டு போய்ப் பொருத்திப் பாரு."

"இது பைப் இல்ல."

"எல்லாம் ஒண்டுதான். ஒண்டுல ஒண்டு பொருந்தோணும்."

நாடாவை இவர் கையிலேயே விட்டுவிட்டேன். டீபொட்டையும் எடுத்துப் போகவில்லை. அந்த பஸ்ஸில் மனிதர்களே முழுதாக இறங்குவதில்லை. வெறுங்கையோடு போய் மூடி கேட்க முடியாதே என்று ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய வட்டிலப்பம் மட்டும் கொண்டு போனேன்.

ராஜலிங்கம் மெலிந்த உயரமான மனிதர், எழுபது இருக்கும். வீட்டுக்குள்ளும் ஷர்ட் பொத்தானைக் கழுத்து வரை பூட்டியிருந்தார். அவர் மனைவி ரத்தினம்மா குட்டையானவர், நல்ல சிரிப்பு. "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். சுவர் முழுக்கத் தட்டு அடித்து ஜப்பான் பீங்கான். நல்ல சாமான்கள்தான், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகுதான் கவனித்தேன். கோப்பையில்லாத பீரிசு. பீரிசில்லாத கோப்பை. பாத்திரமில்லாத மூடி. ஒன்றுக்காவது சோடி கிடையாது.

பிஸ்கட் டின்னைத் திறந்து, பஞ்சை விலக்கி, மூடியைக் காட்டினார். நீலக் கரை, பொன் கோடு, ஒற்றைக் கொக்கு. என் செட்டேதான்! பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து மேலும் கீழும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, வெடிப்பு இல்லை, ஊசி போகிற அளவு துளைகூட இல்லை. அவ்வளவு சுத்தம்.

"என்ன விலை சொல்றீங்க?"

"விக்கிறதில்லைங்க டீச்சர்."

"ஒரு மூடிய வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"மூடி இல்லாத பொட்ட வச்சு நீங்க என்ன செய்றீங்களோ, அதேதாங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்."

என்ன பேச்சு பாருங்கள். பிறகு அவரே சொன்னார். அவர் அப்பாவும் கிளாக்கராம். பங்களாவில் ஒரு கோப்பை உடைந்தால் மிஞ்சிய பீரிசு கிளாக்கர் வீட்டுக்கு இறங்கி வருமாம். "சின்னதுல நான் சம்பல் தொட்டுத் தின்னதெல்லாம் ஜப்பான் பீரிசுல. அதோட கப்ப நான் ஒருநாளும் கண்டதில்ல. அதனால ஜோடி இல்லாததத்தான் சேக்குறேன்."

எழுந்து புறப்பட்டேன். என் கண்ணாடிப் பாத்திரத்தைக் கேட்டால் ரத்தினம்மா தரவில்லை. "வெறும் பாத்திரமா எப்புடிங்க திருப்பித் தர்றது? நாங்களே கொண்டாந்து தர்றோம்" என்றார்.

மூடி கேட்கப் போய்ப் பாத்திரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மே 27, திங்கள்

இவர் அளவு நாடாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

கெலிஓயாக்காரர்கள் வந்தார்கள். என் கண்ணாடிப் பாத்திரம் நிறைய அதிரசம். சரி, என் பாத்திரம் வந்துவிட்டது, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ரத்தினம்மா தன்னுடைய எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்றிலும் முறுக்கு கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர்கள் சட்டி என் வீட்டில். அதை நான் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா? என் உம்மா கபுரிலிருந்து எழுந்து வந்து ஏசுவார்.

மூடியை அவர் கொண்டுவரவில்லை. "பஸ்ஸுல நெரிசலுங்க டீச்சர்." நான் குறை சொல்ல முடியாது. என் டீபொட்டும் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ராஜலிங்கம் டீபொட்டைப் பார்த்தார். அதிலும் சீனிக் கிண்ணத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். என் அட்டையை ஒரு தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"மூடி இல்லாத வகைங்களா?"

ஆர்வமாகக் கேட்கிறாரே என்று பத்து நிமிஷம் விளக்கினேன். ஜப்பானியர் சில செட்டுகளில் சீனிக் கிண்ணத்தைத் திறந்தே வைப்பார்கள், அது மிகவும் அபூர்வம், இலங்கையில் என்னிடம் மட்டும்தான் இருக்கக்கூடும் என்றெல்லாம். நல்ல மாணவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு கேட்டார். ரத்தினம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். ராஜலிங்கம் உடனே, "மழை வரும் போல இருக்கு, கெளம்புவோம்" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். தூக்குச்சட்டி நிறையக் கோழிப் புரியாணி போட்டுக் கடை லொறியில் கெலிஓயாவுக்கு அனுப்பினேன். தொலைந்தது சட்டி.

ஜூன் 20, வியாழன்

சட்டி திரும்பி வந்துவிட்டது. பயற்றம் உருண்டை.

ஜூலை 6, சனி

கண்டியில் பழம்பொருள் சேர்ப்பவர்கள் கண்காட்சி வைக்கிறார்கள், செப்டெம்பர் 15. துஷானி விண்ணப்பம் கொண்டுவந்து தந்தாள். 'முழுமையான செட்டுகள் மாத்திரம் ஏற்றுக்கொள்ளப்படும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த டாக்டர் மனைவியும் பங்குபற்றுகிறாவாம்.

'செட் முழுமையானதா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதிவிட்டேன்.

பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளைகளை வெளியே நிறுத்தியவள் நான். பரவாயில்லை. செப்டெம்பருக்குள் அது உண்மையாகிவிடும். ஆக்குவேன்.

ஜூலை 28, ஞாயிறு

கெலிஓயா, இரண்டாவது தரம். சட்டியில் தொதல். மூடி பற்றிப் பேசவே இல்லை. ரத்தினம்மாவோடு இரண்டு மணித்தியாலம் மூட்டுவலி பற்றிப் பேசினோம். நேரம் போனதே தெரியவில்லை. இது நான் போட்ட திட்டம் அல்ல.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெரஹெரா. கண்டிக்குள் எந்த வீதி எப்போது மூடுவார்கள் என்று பொலிசுக்கே தெரியாது. வீட்டில் இருந்தபடியே ராஜலிங்கத்துக்குக் கோல் எடுத்தேன். மானத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரே ஒரு நாளைக்கு. கண்காட்சி முடிஞ்ச கையோட உங்க கையிலயே தாறேன். ஃபோர்மில செட் முழுமைன்னு எழுதிட்டேன் ஐயா."

லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"டீச்சர், அந்த மூடி வந்துங்க..." என்றார். பிறகு, "சரிங்க. மொத நாளு கொண்டாறேன்."

அழுகையே வந்துவிட்டது எனக்கு. என்ன நல்ல மனிதர்!

செப்டெம்பர் 13, வெள்ளி

நாளை. மேசைக்குப் புது விரிப்பு. டீபொட்டை இரண்டு தரம் கழுவினேன். இவரைத் தும்மினால் கடையில் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டேன்.

செப்டெம்பர் 14, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். பிஸ்கட் டின் ரத்தினம்மாவின் மடியிலேயே வந்திருக்கிறது, பஸ்ஸில் ஒருவரையும் பக்கத்தில் உட்கார விடவில்லையாம். வழக்கம் போல தூக்குச்சட்டியும் வந்திருந்தது. டீபொட்டை மேசை நடுவில் வைத்தேன். ராஜலிங்கம் மூடியை எடுத்து என் கையில் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிஸ்மி சொல்லி வைத்தேன்.

நிற்கவில்லை. சின்னப் பிள்ளை தலையில் வாப்பாவின் தொப்பியைப் போட்ட மாதிரி ஒரு பக்கம் சரிந்தது. திருப்பி வைத்தேன். மற்றப் பக்கம் சரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சரிவரும் என்று நான் திருப்புகிறேன், திருப்புகிறேன், மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இவர் போய்க் கடைப் பையிலிருந்து கலிப்பரை எடுத்து வந்தார். டீபொட்டின் வாயை அளந்தார். மூடியை அளந்தார்.

"முக்கால் இஞ்ச் பெரிசு."

"ஜப்பான் சாமான்ல அப்படி இருக்காது."

"ஜப்பான்லயும் இஞ்ச் இஞ்ச்தான்."

பிறகு இந்த மனிதர் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அலுமாரியைத் திறந்தார். என் சீனிக் கிண்ணத்தை எடுத்தார், அட்டை கீழே விழுந்தது. மூடியை அதன் மேல் வைத்தார். டிக் என்று சின்னச் சத்தம். அந்த விளிம்பில் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

ரத்தினம்மாவுக்குத்தான் அடக்க முடியவில்லை. "இவரு அன்னைக்கே சொன்னாருங்க டீச்சரம்மா, அது சீனிக் கிண்ணத்து மூடின்னு. பஸ் ஏறின ஒடனேயே சொன்னாரு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

ராஜலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர் அட்டையில எழுதியே வச்சிருக்கீங்க. நான் எப்புடிங்க மாத்திச் சொல்றது?"

கிண்ணத்திலிருந்து மூடியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீங்களே வச்சிக்குங்க டீச்சர். ஜோடி சேந்திருச்சு, இனி இது என் அலுமாரிக்கு ஆகாது."

நான் வாங்கியிருக்க வேண்டும். மனுஷத்தன்மை உள்ள யாரும் வாங்கியிருப்பார்கள். "எனக்கு வேணாம், கொண்டு போங்க!" என்று கத்திவிட்டேன். மூன்று மாதமாக என்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறார்கள் என்றுதான் அப்போது தோன்றியது. அவர் மூடியைப் பஞ்சில் சுற்றி டின்னில் வைத்தார். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்கள்.

தூக்குச்சட்டி மேசையில் இருக்கிறது. உள்ளே கேசரி. நான் தொடவில்லை. இவர் தொட்டார்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

கண்காட்சிக்குப் போகவில்லை. துஷானியிடம் தலையிடி என்றேன். பொய்யில்லை, இடித்தது.

செப்டெம்பர் 16, திங்கள்

டீபொட் மூடியில் ஆவி போக ஒரு சின்னத் துளை இருக்கும். என் அலுமாரியில் இருக்கிற மற்ற நான்கு டீபொட்டிலும் இருக்கிறது. இன்று காலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான்கிலும்!

மே மாதம் 26ஆம் திகதி நானே எழுதியிருக்கிறேன், ஊசி போகிற அளவு துளைகூட இல்லை என்று. உருப்பெருக்கி வைத்துப் பார்த்துப் பாராட்டியிருக்கிறேன். கொதிநீராவி, அமுக்கம் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதினாய் மஸாஹிரா? எத்தனை பிள்ளைகளுக்குப் பூச்சியம் போட்டாய்?

அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

ஜஹானா வீடியோவில் வந்தாள். இவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், கலிப்பர் உட்பட. சிரித்துச் சிரித்துக் கடைசியில், "உம்மா, அந்த அங்கிள்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள்.

வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 12, சனி

குசினியில் தூக்குச்சட்டி இன்னும் இருக்கிறது. ஒரு மாதமாகப் போகிறது. கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே. தண்ணீர் குடிக்கப் போனால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

இவர் கடையிலிருந்து குழாய் முனையை மூடுகிற பிவிசி எண்ட் கெப் ஒன்று கொண்டுவந்தார், இரண்டரை இஞ்ச், சாம்பல் நிறம். டீபொட்டின் மேல் வைத்தார். ஆடவில்லை, அசையவில்லை. "அளவெடுத்து வாங்கின மாதிரி பொருந்துது" என்று சந்தோஷப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் வந்தது.

சிரித்து முடிந்ததும், இதை ரத்தினம்மாவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர் என்ன பிழை செய்தார்? என் மரியாதையைக் காப்பாற்ற மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 27, ஞாயிறு

வியாழக்கிழமை தீபாவளி. சட்டி போயே ஆக வேண்டும். வட்டிலப்பம் செய்யலாம், தொதல் செய்யலாம். காலையிலிருந்து யோசித்தேன்.

சீனிக் கிண்ணத்தை எடுத்துத் துணியில் சுற்றினேன். சட்டிக்குள் வைத்தேன். இடைவெளியெல்லாம் பஞ்சு. கடிதம் எழுதவில்லை, நான் அட்டை எழுதிய இலட்சணம் போதும். லொறி வேண்டாம், குலுக்கும் என்று இவர் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டு போனார். போகும்போது ஒரு தரம் தும்மினார். ஒன்றும் சொல்லவில்லை நான்.

மத்தியானம் அலுமாரியில் கிண்ணம் இருந்த இடத்தைப் பார்த்து அழுதேன். நல்லது செய்தால் மனம் இலேசாகும் என்கிறார்கள். ஆகவில்லை. என் கிண்ணம் அது.

ஒக்டோபர் 31, வியாழன்

கெலிஓயாவிலிருந்து ஒரு சொல் இல்லை. இவர் சட்டியைத் திறக்காமலே கொடுத்துவிட்டு வந்தாராம். உடைந்திருக்குமோ? இவர் தும்மியிருப்பாரோ?

நவம்பர் 3, ஞாயிறு

வாசலில் ராஜலிங்கமும் ரத்தினம்மாவும். கையில் தூக்குச்சட்டி. திறந்தேன்.

என் கிண்ணம். மேலே மூடி, ஒற்றைக் கொக்கு. மூடியைத் தூக்கினால் உள்ளே கழுத்து வரை சீனி.

"வெறும் கிண்ணமா திருப்பித் தரக் கூடாதுன்னு வீட்டுல ஒரே சத்தங்க" என்றார் ராஜலிங்கம்.

"நான் அத உங்களுக்கே தந்துட்டேன் ஐயா. திருப்பித் தரத் தேவையில்ல."

"அது எப்புடிங்க? பாத்திரம் வந்தா போகணும்" என்றார் ரத்தினம்மா.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். 'உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்' என்றுதான் வந்தது. கொக்கு டீபொட்டில் தேத்தண்ணி ஊற்றினேன், வாழ்க்கையில் முதல் தரம், மேலே பிவிசி மூடியோடு. அந்த மூடியைக் கண்டு ரத்தினம்மா கண்ணீர் வரச் சிரித்தார். ராஜலிங்கத்துக்குக் கொக்குக் கோப்பையில் கொடுத்தேன், அதன் சொந்தப் பீரிசின் மேல் வைத்து. அவர் உடனே குடிக்கவில்லை. கோப்பையைத் தூக்கிப் பீரிசைப் பார்த்தார். திரும்ப வைத்துப் பார்த்தார். பிறகுதான் குடித்தார்.

எனக்குச் சீனி வியாதி. அந்தக் கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். காலையிலேயே கெலிஓயா போய் வந்தோம். கிண்ணத்தை மூடியோடு நான்தான் மடியில் வைத்துக் கொண்டு போனேன், உள்ளே பேரீச்சம்பழம். கண்டியில் பஸ் மாறும்போது ஒரு ஆள் இடித்துவிட்டான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மன்னிப்புக் கேட்டு இடமும் தந்தான்.

இன்று அலுமாரி துடைத்தேன். டீபொட் சாம்பல் மூடியோடு நிற்கிறது. துஷானி கண்டால் மயங்கி விழுவாள். கிண்ணத்தின் இடம் காலி. அந்த இடத்தில் புது அட்டை எழுதி வைத்தேன். இவர் கண்ணாடி போட்டு, பிழை பிடிக்கும் ஆசையோடு இரண்டு தரம் வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

'சீனிக் கிண்ணம், மூடியுள்ளது. இப்போது கெலிஓயாவில். நோன்புப் பெருநாளைக்கு வரும்.'